வீட்டிலிருந்து புடவை விற்கப் போகிறீர்களா? முதல் பதிவு போடும் முன்

சின்னாளப்பட்டி, இளம்பிள்ளை, நெகமம் என்று எங்கிருந்தோ பத்து இருபது புடவை எடுத்து வந்து, போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை வாடகை கிடையாது, ஆள் சம்பளம் கிடையாது, ஒரு போன் இருந்தால் போதும் என்பார்கள். சரிதான். ஆனால் கடைக்கு வருகிறவர் புடவையைத் தொட்டுப் பார்க்கிறார், முந்தானையை விரிக்கச் சொல்கிறார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் பார்க்கிறார். போனில் பார்க்கிறவருக்கு இது எதுவும் இல்லை. அவர் கையும் கண்ணும் கண்டுபிடித்திருக்கக்கூடியதை எல்லாம் நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சமூக ஊடக மார்க்கெட்டிங் என்று எத்தனையோ வகுப்பு நடக்கிறது. என்னைக் கேட்டால், சிறு வியாபாரிக்கு அதில் முக்கால்வாசி இந்த ஒரு வேலைதான்.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பதிவு எழுதும் முன், புடவை கொடுத்தவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கைத்தறியா, விசைத்தறியா? முழுப் பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா? என்ன சரிகை? சாயம் போகுமா? மொத்த நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி அதில் சேர்த்தியா? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 'நல்ல அயிட்டம்மா, பயப்படாம எடுங்க' என்ற பதில் மட்டும் வந்தால் அந்த இடத்தில் கொஞ்சமாக எடுங்கள்.

பெயர்களில்தான் பெரிய குழப்பம். சாஃப்ட் சில்க், செமி சில்க், ஆர்ட் சில்க் என்று சந்தையில் ஓடும் பெயர்களில் எது பட்டு, எது இல்லை என்று விற்கிற பலருக்கே தெரியாது. ஆர்ட் சில்க் பட்டே இல்லை, செயற்கை இழை. பட்டு என்று சொல்லிக் கொடுத்த புடவையில் சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றுவிடும். பாவு (நீளவாட்டு நூல்) ஒன்றும் ஊடை (குறுக்கு நூல்) ஒன்றும் வேறு நூலாக இருக்கலாம் என்பதால் இரண்டு பக்கத்திலும் எடுத்துப் பார்ப்பது நல்லது. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு இருந்தால் அதையும் படம் பிடித்துப் போடுங்கள். கைத்தறிக்குத் தனியாக ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது.

காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி போன்றவை புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள். வேறு ஊரில் நெய்த புடவைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது வெறும் மிகைப்படுத்தல் இல்லை, சட்டப்படியும் தவறு. சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். கையால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதுதான் அதன் மூல முறை. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பதோ அச்சுச் சுங்குடி. அதை விற்பதில் ஒரு தப்பும் இல்லை, விலை குறைவு, கட்ட இதமாக இருக்கும், தினசரிக்கு நல்லது. அதைத் 'தூய முடிச்சுச் சுங்குடி' என்று எழுதும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. 'இயற்கைச் சாயம்', 'ஆர்கானிக் காட்டன்' என்ற சொற்களும் அப்படித்தான். கையில் ஆதாரம் இல்லாவிட்டால் எழுதாதீர்கள். சூழலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளும் விளம்பரங்களுக்காகவே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

படம்

டியூப் லைட்டில் எடுக்காதீர்கள். நேர் வெயிலும் வேண்டாம். காலையில் ஜன்னலோரம், வெயில் நேராக விழாத வெளிச்சம் போதும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் புடவையின் நிறமும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் கூடவே கூடாது. போனிலேயே தானாக அழகாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

முழுப் புடவை, கரை, முந்தானை என்று எல்லோரும் எடுப்பார்கள். அதோடு இரண்டு படம் கூடுதலாக எடுங்கள். ஒன்று, புடவையின் பின்பக்கம். நூல் எப்படி ஓடியிருக்கிறது, வெட்டிவிட்ட நூல் குத்துமா என்பது அங்கேதான் தெரியும். இன்னொன்று, ஒரே மடிப்புத் துணிக்கு அடியில் உங்கள் கையை வைத்து எடுக்கும் படம். விரல்கள் எவ்வளவு தெரிகின்றன என்பதைப் பார்த்தே உள்பாவாடை என்ன நிறத்தில் வேண்டும், வேலைக்குக் கட்டிப் போகலாமா என்று அனுபவமுள்ள பெண்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். 'துணி திக்கா இருக்குமா சிஸ்' என்ற கேள்வியே பாதியாகக் குறையும். முடிந்தால் துணியை உள்ளங்கையில் கசக்கி விடும் சின்ன வீடியோ ஒன்றும் சேருங்கள், கஞ்சி எவ்வளவு, கசங்குமா என்பது தெரிந்துவிடும்.

வாடாமல்லி, ராணி பிங்க் போன்ற அடர்ந்த நிறங்களைப் போன் கேமரா சரியாகப் பிடிக்காது. எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் தள்ளித்தான் வரும். அதை எழுத்தில் சரிசெய்யுங்கள்: 'படத்தில் சிவப்பாகத் தெரிகிறது, நேரில் நீலச்சாயல் கூடுதல்.' நிறத்துக்கு நம்மவர்களுக்குத் தெரிந்த பெயரையே சொல்லுங்கள். அரக்கு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மயில் கழுத்து, எம்.எஸ். ப்ளூ என்று சொன்னால் எழுபது வயதுப் பாட்டிக்கும் புரியும்.

மொத்த வியாபாரி அனுப்பிய படத்தையே போடுகிறீர்கள் என்றால் அவர் அனுமதி வாங்குங்கள், 'படம் கடையிலிருந்து வந்தது' என்று ஒரு வரி போடுங்கள். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரைப் படம் எடுப்பதானால் எதற்கு, எங்கே வரும் என்று சொல்லிக் கேட்டுக்கொண்டு எடுங்கள். அவர் வறுமையைக் காட்டிப் புடவை விற்கும் பதிவுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர் ஒரு தொழில்காரர். கரையையும் உடலையும் தறியிலேயே இணைக்கும் கோர்வையை எப்படிப் போடுகிறார், ஒரு புடவை முடிய எத்தனை நாளாகிறது என்று காட்டுங்கள், அதுவே மதிப்பு.

பதிவில் என்ன எழுதுவது

விலையை எழுதுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்று போடுவதற்குச் சில காரணங்கள் சொல்வார்கள். கமென்ட் கூடினால் பதிவு அதிகம் பேரிடம் போகும், போட்டிக்காரர் விலையைப் பார்க்கக் கூடாது, நம்மிடம் வாங்கி மறுவிற்பனை செய்பவர்கள் தங்கள் லாபத்தை வைக்க வேண்டும். கடைசிக் காரணம் நியாயமானது. அதற்கு ரீசெல்லர்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும். மற்றபடி, விலை கேட்கவே கூச்சப்பட்டு நகர்ந்துவிடும் ஆட்கள் நிறைய. 'ஆளைப் பார்த்து விலை சொல்றாங்களோ' என்ற சந்தேகமும் எழும்.

ஒரு மாதிரிப் பதிவு, இப்படி இருக்கலாம்:

'நெகமம் கைத்தறிப் பருத்திப் புடவை. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர். விலை 1,450 ரூபாய், கொரியர் தனி. முந்தானை ஓரத்தில் ஓரிடத்தில் நூல் முடிச்சு தெரியும், நான்காவது படம் பாருங்கள். கஞ்சி கொஞ்சம் கூடுதல், இரண்டு சலவைக்கு அப்புறம் இளகிவிடும். முதல் இரண்டு முறை தனியாக அலசவும். இந்த நிறத்தில் ஒன்றுதான் இருக்கிறது, மறுபடி நெய்து வர ஒரு மாதம் ஆகும்.'

நூல் முடிச்சை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். வாங்கியவர் வீட்டில் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தால் அது குறை. நீங்கள் முன்னாலேயே சொன்னால் அது கைத்தறியின் இயல்பு, மீதியிருக்கும் வரிகளையும் அவர் நம்புவார்.

'ஒன்றுதான் இருக்கிறது' என்பது உண்மையாக இருக்கும்போது மட்டும் எழுதுங்கள். பின்னால் நாற்பது புடவையை அடுக்கி வைத்துக்கொண்டு 'லாஸ்ட் 2 பீஸ்' என்று போடுவதும், தினமும் 'இன்று ஒருநாள் மட்டும்' போடுவதும் பழகிப்போன வழக்கம். 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 ஏமாற்று உத்திகளின் பட்டியல் இருக்கிறது, பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. சட்டத்தை விடுங்கள், உங்களிடம் வாங்கிய ஒருவர் அடுத்த வாரம் அதே 'லாஸ்ட் பீஸை' மறுபடி ஸ்டேட்டஸில் பார்த்தால் என்ன நினைப்பார்?

ரீல்ஸுக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். வியாபாரப் பயன்பாட்டுக்கு அந்த உரிமை பொதுவாகக் கிடையாது. பிசினஸ் கணக்காக மாற்றினால் இன்ஸ்டாகிராமே பல பாடல்களைத் தராது. தறிச் சத்தத்தையே போடலாம், அல்லது உங்கள் குரலில் பேசலாம்.

யாருக்கு, எந்த வழியில் அனுப்புவது

இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். போனில் இருக்கும் எல்லா எண்களையும் அள்ளி ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, பள்ளித் தோழி, பால்காரர், பழைய அலுவலக மேலாளர் என்று எல்லோரையும் கேட்காமல் சேர்த்துவிடுவார்கள். மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பது இன்னும் மோசம். புடவைக் குழுவிலிருந்து எண் எடுத்து 'ஹாய்' அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களை நம்பி வந்த பெண்ணுக்கு அந்தத் தொல்லை உங்களால் வரக் கூடாது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. இதில் ஒரு நல்ல தடையும் உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். அதனால் முதல் வேலையாக ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: 'வாரத்துக்கு இரண்டு தடவை புதுப் புடவைகள் அனுப்புவேன். வேண்டுமென்றால் இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டு சரி என்று பதில் போடுங்கள். எப்போது வேண்டாம் என்றாலும் சொன்னால் போதும்.' முப்பது பேர் சரி என்றால் முப்பதோடு ஆரம்பியுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றே நீக்குங்கள், காரணம் கேட்காதீர்கள். கேட்காதவர்களுக்கு அனுப்பி அவர்கள் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கக்கூடும்.

ஆட்கள் கூடியபின் வாட்ஸ்அப் சேனல் வைக்கலாம். 2023 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் இருக்கிறது, பின்தொடர்பவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. எதுவானாலும் பிசினஸ் செயலியில் இருக்கும் கேட்டலாக்கில் (சரக்குப் பட்டியல்) விலையோடு படங்களைப் போட்டு வைத்துவிட்டால் பிராட்காஸ்டில் இணைப்பு மட்டும் போதும். காலை ஆறு மணிக்கு இருபத்தைந்து படத்தைக் கொட்டுவதைவிட நல்ல ஐந்து படத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அனுப்புவது மேல்.

பூஸ்ட் செய்வது, பணம் கட்டி விளம்பரம் போடுவது எல்லாம் முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். பணம் கொடுத்து ஃபாலோயர்ஸ் வாங்குவது எப்போதுமே வேண்டாம், அவர்கள் புடவை கட்டுகிறவர்கள் இல்லை.

பதில் சொல்வது

பதிவைவிட அதிக நேரம் போகிற இடம் இது, போகவும் வேண்டும். எல்லோரையும் 'சிஸ்', 'டியர்' என்று கூப்பிட்டுப் பழகாதீர்கள். பெயர் தெரிந்தால் பெயரோடு 'ங்க' சேர்த்தாலே போதும். வயதானவர் என்று தெரிந்தால் 'வணக்கம்மா' என்று ஆரம்பியுங்கள். தமிழில் கேட்டவருக்குத் தமிழில், தங்கிலீஷில் கேட்டவருக்கு அவருக்கு வசதியானபடி. குரல் செய்தி அனுப்புகிற அம்மாக்களுக்குக் குரலிலேயே பதில் சொல்லலாம், ஆனால் விலை, கணக்கு, முகவரி மூன்றையும் எழுத்தில் மறுபடி போடுங்கள். நாளைக்குத் தேடி எடுக்க வேண்டும் அல்லவா. இரவு ஒன்பது மணிக்கு மேல் பதில் வராது என்று தானியங்கிச் செய்தி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

திருப்பி எடுப்பது பற்றிய விதியைப் பணம் வாங்கும் முன் சொல்லுங்கள். 'ஓப்பனிங் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் கிடையாது' என்று அதட்டலாக எழுதாமல், 'பார்சலைப் பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், சேதம் இருந்தால் கொரியர்காரரிடம் கேட்க நமக்கு உதவும்' என்று எழுதினால் அதே விதிதான், கேட்கிறவருக்குக் கோபம் வராது.

'இந்தப் புடவைக்கு இவ்வளவா? எங்க ஊரில் 600-க்குக் கிடைக்கும்' என்று கமென்ட் வரும். சண்டை வேண்டாம். '600-க்கு வருவது விசைத்தறியாக இருக்கலாம்ங்க, அதுவும் நன்றாகவே இருக்கும். இது கைத்தறி' என்று ஒரே பதில். அவருக்காக எழுதுவதைவிட, பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக எழுதுவது அது.

சாயம் போய்விட்டது என்று ஒருவர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினால் நிறையப் பேர் முதலில் செய்வது அந்தக் கமென்ட்டை அழிப்பது. அழித்தால் அவர் அதைப் படம் பிடித்து வேறு இடத்தில் போடுவார், அங்கே உங்களால் பதில் சொல்ல முடியாது. அங்கேயே பதில் போடுங்கள்: 'பார்த்தேன்ங்க, வருத்தமாக இருக்கிறது. படம் அனுப்ப முடியுமா? இன்று மாலைக்குள் என்ன செய்வதென்று சொல்கிறேன்.' அப்புறம் தனியாகப் பேசுங்கள். பேசும்போது 'நீங்கள் எப்படித் துவைத்தீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். தனியாக அலசச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்களா என்று முதலில் உங்கள் பதிவைப் பாருங்கள். எழுதவில்லை என்றால் மாற்றிக் கொடுப்பதே முறை. முடிந்ததும் அதே கமென்ட்டுக்குக் கீழே 'மாற்றுப் புடவை அனுப்பிவிட்டோம்' என்று ஒரு வரி. அதே தறியிலிருந்து வந்த மற்றப் புடவைகளை வாங்கியவர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

அடுத்தவர் வாயால் சொல்ல வைப்பது

வாடிக்கையாளர் புகழ்ந்து அனுப்பிய செய்தியை அப்படியே ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். அதில் பெயர், எண், முகப்புப் படம், சில நேரம் வீட்டு முகவரி வரை இருக்கிறது. அனுமதி கேளுங்கள், எண்ணையும் பெயரையும் மறையுங்கள். புடவை கட்டிக்கொண்டு அனுப்பிய படம் உங்களுக்கு அனுப்பியது, ஊருக்கு அனுப்பியது இல்லை.

இன்ஸ்டாகிராமில் பெயருள்ள ஒருவருக்குப் புடவை கொடுத்துப் பேசச் சொன்னால், காசு கொடுக்காவிட்டாலும் அது விளம்பரம்தான். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இலேயே இதற்கு விதி வகுத்துவிட்டது, இலவசமாகக் கொடுத்த பொருளும் அதில் அடங்கும். தமிழில் பேசுகிற வீடியோ என்றால் 'விளம்பரம்' என்று தமிழிலேயே, கண்ணில் படும் இடத்தில் போடச் சொல்லுங்கள், கீழே இருபது ஹேஷ்டேகுக்குள் ஒளித்து வைக்காமல். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உங்களைத் தேடி நாளைக்கே யாரும் வரப்போவதில்லை. ஆனால் விதி பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

ஆறு மாதம் போனதும் பலர் புடவையோடு மூலிகைக் கூந்தல் தைலம், சத்துமாவு, கருப்பட்டி என்று சேர்ப்பார்கள். உணவுப் பொருள் என்றால் சீட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் வேண்டும். அழகுசாதனப் பொருள் தயாரிக்க உரிமம் வேண்டும். 'சுகர் குறையும்', 'பிரஷர் போகும்' என்று எழுதவே கூடாது, 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைத் தடுக்கிறது. 2024-இல் பதஞ்சலி நிறுவனத்தின் தவறான மருந்து விளம்பரங்கள் பற்றிய வழக்கில், நாளிதழ்களில் வெளியிட்ட மன்னிப்பு, அவர்கள் வழக்கமாகத் தரும் விளம்பரத்தின் அளவில் இருந்ததா என்றே உச்ச நீதிமன்றம் கேட்டது.

சும்மா இருக்க வேண்டிய நாட்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் படகும் பாலும் கேட்டு வாட்ஸ்அப் முழுக்கச் செய்திகள் ஓடின. அந்த மாதிரி நாட்களில் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவு தானாகப் போய் நிற்கும், 'மழைக்கால மெகா ஆஃபர்' என்று. நேரம் குறித்து வைப்பவர்கள் காலையில் செய்தி பார்த்துவிட்டு நிறுத்த வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். பிரபலம் ஒருவர் இறந்த அன்று அவர் படத்தைப் போட்டு அஞ்சலி எழுதிக் கீழே கடை எண்ணைப் போடுவதும் வேண்டாம். அஞ்சலி செலுத்த வேண்டும் என்றால் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து செலுத்துங்கள்.

கணக்கைப் பத்திரமாக வையுங்கள்

பணம் வந்ததா என்பதற்கு வாங்குகிறவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், போலியாகச் செய்வது எளிது. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்துவிட்டுப் பார்சல் கட்டுங்கள். யுபிஐயில் பணம் வாங்க ரகசிய எண் (PIN) போடவே தேவையில்லை, யாராவது போடச் சொன்னால் அது திருட்டு.

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டு, 6 இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கை யாராவது பிடித்துவிட்டால் அவர்கள் முதலில் பணம் கேட்பது உங்கள் வாடிக்கையாளர்களிடம்தான், உங்கள் பெயரில், நீங்கள் பேசுவது போலவே. 'நான் ஒருநாளும் வாட்ஸ்அப்பில் கடன் கேட்க மாட்டேன், இந்த ஒரு யுபிஐ எண்ணுக்கு மட்டும்தான் பணம் அனுப்ப வேண்டும்' என்று பட்டியலில் சேரும்போதே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அதையே இன்ஸ்டாகிராமிலும் மேலே பின் செய்து வைத்தால், ஒரு கணக்கு போனாலும் இன்னொன்றில் சொல்ல வழி இருக்கும்.